எழுபது மார்க் சுவர்

எங்கள் வீட்டுக்குள் கொத்தனாரோ தச்சரோ எலக்ட்ரீஷியனோ வேலைக்காகக் கால் வைத்ததில்லை. வைக்க அப்பா விட்டதில்லை. அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்குத் தெரிந்தவனுக்குக் கொத்தனார் எதற்கு என்பது அவருடைய கட்சி. சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொள்வார். அதற்கப்புறம் திங்கட்கிழமை காலை வரை அவரிடம் வேறு எதைப் பற்றியும் பேச முடியாது.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. சூளையில் கோணிப்போனது, விரிசல் விட்டது, வாய் உடைந்தது எல்லாவற்றையும் கம்பெனி வாசலில் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். அப்பா சைக்கிள் கேரியரில் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு போய் அள்ளிவருவார். எங்கள் குளியலறைத் தரை முழுக்க உடைந்த சாசர்கள்தான். குளிக்கும்போது காலடியில் ஒரு ரோஜாப்பூ பாதியாக நிற்கும், அதன் மீதிப் பாதி வாளிக்குப் பின்னால் இருக்கும். துணி காயப்போடும் கம்பியின் இரண்டு முனையிலும் மின்கம்பத்தில் இருக்கிற மாதிரி வெள்ளைப் பீங்கான் குமிழ்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கரண்ட் அடிக்கும் என்று பயந்து எங்கள் கொல்லைப் பக்கமே வரமாட்டார்கள்.

எல்லா வேலையும் அவருக்குப் பழுதில்லாமல் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். கூடத்து ஸ்விட்சைப் போட்டால் சமையலறை விளக்கு எரியும். அம்மா கேட்டதற்கு, "எரியுதா இல்லியா? எரியுது இல்ல, அப்புறம் என்ன?" என்றார். நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம். ஆனால் சுவர் விஷயத்தில் அவரை ஒருவரும் குறை சொல்ல முடியாது. குளியலறைச் சுவரை இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்பியிருந்தார். ஊரில் பேர் வாங்கிய கொத்தனார் ஒருவர் ஒருநாள் வந்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு, "நூல் புடிச்ச மாதிரி இருக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் யார் வீட்டில் சுவர் விரிசல் விட்டாலும் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பின்னாலேயே தூக்குக்குண்டை ஏந்திக்கொண்டு நானும் போவேன். தெருவில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி அந்தக் குண்டால் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஆடி மாதத்தில் அக்காவை அழைத்து வந்தார்கள். தை மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வேப்பூர் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி ஓட்டல் வைத்திருந்த வீடு. லாரிக்காரர்கள் இரவும் பகலும் வந்து சாப்பிடுகிற ஓட்டல். அவர்கள் வேலைக்கு ஆள் எடுப்பதற்குப் பதிலாகப் பெண் எடுத்திருந்தார்கள் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டே அவசர அவசரமாகச் சாப்பிட்டாள் என்பதுதான். உட்காரு என்று அம்மா சொன்னால் உட்காருவாள், இரண்டு வாய் சாப்பிட்டதும் மறுபடி எழுந்துவிடுவாள். விடிவதற்கு முன்னால் எழுந்து, யாரும் சொல்லாமலேயே உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள். வலது முழங்கையில் ஒரு தீப்புண் தழும்பு இருந்தது. எண்ணெய் பட்டது என்றாள். எப்படிப் பட்டது என்று அம்மா கேட்டபோது வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஆடி முடியப்போகிற சமயம், கிணற்றடியில் வைத்து அவள் அம்மாவிடம் சொன்னதை நான் காதாரக் கேட்டேன்.

"ஆவணி பொறந்தா என்ன அங்க அனுப்பாதீங்கம்மா. இங்கயே ஒரு மூலையில கெடக்கறேன்."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஆயி ஒரு வருசங்கூட ஆவல. ஊரு என்னடி சொல்லும்?" என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அழவில்லை. கயிற்றை இழுத்து அடுத்த வாளித் தண்ணீரை மொண்டாள். அப்பா கப்பிக்கு எண்ணெய் போடுவதற்காக அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. எதையெல்லாமோ சரிசெய்கிற மனுஷன், இதற்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று இருந்தது. அக்கா எங்களோடு இருந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் விறகு போட்டு வைத்திருந்த கொட்டகையின் மண் சுவரை அப்பா கடப்பாரையால் தள்ளினார். அங்கே ஒரு ரூம் வரப்போகிறது என்றார். யாருக்கு என்று கேட்டேன். இருக்கிறவர்களுக்கு என்றார். எனக்கு அதில் ஓர் அலமாரி வேண்டும் என்றேன். சுவரிலேயே வைத்துக் கட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார். நான் செங்கல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலையை அன்றே ஏற்றுக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. சொல்லிவைத்த மாதிரி அக்காவின் மாமியாரும் வீட்டுக்காரரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அக்கா சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். மாப்பிள்ளை வந்தால் வாசலுக்கே போய்ச் சொம்பில் தண்ணீர் கொடுத்து அழைத்து வருவதுதான் முறை. அப்பாவோ கொல்லையில் இரண்டு கையிலும் சாந்தோடு சுவர்மேல் குனிந்திருந்தார். தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"வாங்க, வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, கலவை போட்டுட்டேன், உட்டா எறுகிப்பூடும். அம்மாடி, மாமாவுக்கு நாக்காலி எடுத்துப் போடு."

நாற்காலிகளைக் கொல்லையிலேயே போட்டேன். மாப்பிள்ளைக்குக் கொல்லையில் நாற்காலி போட்டதை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்திருக்காது. மாமியார் சுற்றி வளைக்கவில்லை. "ஆடி முடிஞ்சிது. ஓட்டல்ல கைக்கு ஆளு இல்ல. பொண்ண அனுப்பி வைங்க, மூணு மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்றார்.

அப்பா ஒரு செங்கல்லை எடுத்து வைத்து, கரணையின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"அனுப்ப மாட்டேன்னு சொல்வேனா? நீங்க அழைக்க வந்தது சந்தோசம். ஆனா பாருங்க, நெலக்கால் வைக்கணும்னு மஞ்சத்துணி முடிஞ்சி வச்சிட்டேன். நெலக்கால் வச்சி, சொவரு பூசி முடிக்கிற வரைக்கும் வூட்டுப் பொண்ணு ஊரு எல்லையத் தாண்டக்கூடாதுங்க. எங்க குடும்பத்துல அப்படி ஒரு வழக்கம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஞ்சாங்கத்தைக் கையால் தொடாதவர் அப்பா. ராகு காலத்தில்தான் ஆணி நன்றாக இறங்குகிறது என்று அம்மாவைச் சீண்டுகிறவர். அவர் வாயிலிருந்து வழக்கம் என்ற சொல் வந்ததே பெரிய ஆச்சரியம்.

மாமியாருக்கும் சந்தேகம். "எங்க பக்கம் இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லியே" என்றார்.

சட்டென்று அம்மா காபித் தம்ளரோடு முன்னால் வந்தாள். "எங்க மாமியார் காலத்துல மீறிப் போயிட்டாங்க. போன வூட்டுல அன்னைக்கே அடுப்பு பொகஞ்சி கூரை பத்திகிச்சி. அதுலேருந்து நாங்க வெளயாட்டுக்கும் மீறுறதில்லீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நாங்க தாங்குவமா?"

ஓட்டல்காரர்களிடம் நெருப்பைப் பற்றிச் சொன்னால் போதும். மாமியார் முகம் மாறிவிட்டது. கிளம்பும்போது, எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். கையாலேயே செய்கிறேன், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும் என்றார் அப்பா. அவர்கள் மூன்று மணி பஸ்ஸில் போனார்கள். அக்கா சமையலறையிலிருந்து வந்து, அவர்கள் குடித்த தம்ளர்களை எடுத்துக் கழுவினாள். அன்று ராத்திரி அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதற்கப்புறம்தான் அப்பாவின் கை கெட்டுப்போனது.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு வரி எழுப்புவார். சாயங்காலம் தள்ளி நின்று பார்ப்பார். கோணல் என்பார். மறுநாள் பார்த்தால் மூன்று வரியைப் பிரித்திருப்பார். நிலைக்காலை வைத்தார், ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது என்று பிடுங்கினார். ஐப்பசி மழை வந்தபோது சாந்தைக் கரைத்துவிட்டது என்றார். கார்த்திகையில் மழை இல்லாத வாரத்திலும் ஈரம் காயவில்லை என்றார். சுவர் என் மார்பு உயரத்துக்கு வரும், பிறகு முழங்காலுக்கு இறங்கும். நான் வளர்ந்த அளவுக்குக்கூட அது வளரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பால்காரர் தினமும் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, "சார், இந்நேரம் பழமலைநாதர் கோயில் கோபுரத்தையே கட்டி முடிச்சிருப்பாங்க" என்பார். "அவங்க பல பேரு, நான் ஒருத்தன்தான்" என்று அப்பா சிரிப்பார். அவருடைய வகுப்பில் ஒரு குறும்புக்காரன் எழுந்து, ஒருவர் நாலு வரி கட்டி மறுநாள் மூணு வரி இடித்தால் வேலை எப்போது முடியும் என்று கேட்டானாம். அப்பா கோபப்படாமல் கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டே காட்டினாராம். இதை என் வகுப்புப் பெண்கள் வந்து சொல்லிச் சிரித்தபோது எனக்கு அவமானத்தில் காது சுட்டது. விரிசல் விட்ட வீட்டுக்காரர்கள் இப்போது அப்பாவைக் கூப்பிடுவதில்லை. தூக்குக்குண்டோடு நானும் வீட்டிலேயே இருந்தேன்.

இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று நானே தீர்மானித்தேன். ஒரு சனிக்கிழமை, அப்பா அக்காவைச் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மணலும் சுண்ணாம்பும் இருந்தன. கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அத்தனை நாள் பக்கத்தில் நின்றவள் இல்லையா. நூல் கட்டி, செங்கல்லை நனைத்து, ஒரு முழுப் பக்கத்துக்கு இரண்டு வரி வைத்தேன். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு அரித்தது. தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தேன். இம்மிகூட விலகல் இல்லை. உலகத்தில் யாரும் என்னைவிட நன்றாகச் சுவர் வைக்க முடியாது என்று அந்தச் சாயங்காலம் நிச்சயமாக நம்பினேன்.

அப்பா வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தடவிப் பார்த்துவிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தாங்க ஒனக்கு?" என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். என் கையைப் பிடித்து, அரிக்கிற இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். நல்லா வச்சிருக்கே, ரொம்ப நல்லா வச்சிருக்கே என்று இரண்டு தடவை சொன்னார்.

காலையில் எழுந்து பார்த்தால், அந்த இரண்டு வரியும் இல்லை. செங்கற்கள் சுத்தமாகச் சுரண்டி அடுக்கப்பட்டிருந்தன.

நான் அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். என்ன வேண்டுமென்றாலும் அம்மா மூலம்தான். "அந்தக் கோணக் கொத்தனார் கிட்ட ஸ்லேட்டுக்குச்சி வாங்கிட்டு வரச் சொல்லும்மா" என்பேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வாங்கியும் வருவார்.

இன்னொரு குறையும் எனக்கு இருந்தது. ரூம் தரைக்குப் பீங்கான் சில்லு பொறுக்கப் போகிறோம் என்று சொல்லி, அப்பா தினமும் அக்காவைச் சைக்கிளில் கம்பெனிக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். சாயங்காலம் அழைத்து வருவார். சில்லு பொறுக்க ஒரு முழு நாளா? அதுவும் தினமுமா? அவள் திரும்பி வரும்போது விரலெல்லாம் நீலமும் சிவப்புமாக இருக்கும். கம்பெனியில் பெண்களை உட்காரவைத்துக் கப்புகளில் பூ வரையப் பழக்குகிறார்கள் என்றும், அக்காவும் அங்கே உட்கார்ந்து வேடிக்கையாக வரைந்து பார்க்கிறாள் என்றும் அம்மா சொன்னாள். சுவர் வைத்த நான் வீட்டில், வேடிக்கை பார்க்கிற அவள் சைக்கிளில். இந்த அநியாயத்தைக் கேட்பார் இல்லை.

இடையில் இரண்டு தடவை வேப்பூரிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வந்தவன் பார்த்ததெல்லாம் பாதிச் சுவரும், நிலைக்கால் இல்லாத வாசலும்தான். அவன் போன பிறகு அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"ஊரே சிரிக்குது. எத்தினி நாளைக்கிங்க இப்படி?"

"அவளுக்கு ஒரு வழி பொறக்குற வரைக்கும்."

நான் பக்கத்தில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பற்றிக் கேட்கிறாள், அப்பா அக்காவைப் பற்றி என்னவோ பதில் சொல்கிறாரே என்று மட்டும் நினைத்தேன்.

பொங்கல் முடிந்த வாரம். அக்கா சைக்கிளிலிருந்து குதித்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பழகியது போதும், இனி வேலைக்கே வரலாம் என்று கம்பெனியில் எடுத்துக்கொண்டார்களாம். அவள் ஓடி நான் அந்த வருஷத்தில் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நேரே கொல்லைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்படி ஒரு வேகத்தை நான் கண்டதில்லை. கோணல் என்ற பேச்சே இல்லை. வரிக்கு மேல் வரி ஏறிக்கொண்டே போயிற்று. நிலைக்கால் வைத்த மறுநாளும் அது நிலைக்காலாகவே நின்றது. கூரைக்கு ஓடு ஏற்றி, சுவர் பூசி, தரைக்குச் சில்லு பதித்து, மூன்றே ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் முடிந்துவிட்டது. என் அலமாரியும் இருந்தது, மூன்று தட்டோடு. நான் பேச்சு நிறுத்தியதை மறந்து, "கை வந்துடுச்சிப்பா" என்று கத்திவிட்டேன். "வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டு அவர் கரணையைக் கழுவினார்.

வேலை முடிந்துவிட்டது என்று அப்பாவே வேப்பூருக்குச் சொல்லி அனுப்பினார். மாமியாரும் வீட்டுக்காரரும் வந்தார்கள். இந்தத் தடவை அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், சொம்பில் தண்ணீர் கொடுத்து அழைத்து வந்தார். நேராகப் புது ரூமுக்குள் கூட்டிப்போனார். அங்கே அக்காவின் டிரங்குப் பெட்டி இருந்தது. கயிற்றுக் கட்டில், கொடியில் அவளுடைய புடவைகள், ஆணியில் அவளுடைய சாப்பாட்டுத் தூக்கு. மாமியார் அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவின் வீட்டுக்காரர் சாது. அவர் ஒன்றையும் பார்க்காமல் சுவரைத் தடவிக்கொடுத்து, "நேரா வந்திருக்குதுங்க" என்றார்.

அந்த நேரம் அக்கா வேலையிலிருந்து வந்தாள். விரலில் நீல மை. புது நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரலீங்க. கம்பெனில வேலைக்கி எடுத்துகிட்டாங்க. காலையில போவணும்."

மாமியார் அவளிடம் பேசவில்லை. அப்பா பக்கம் திரும்பினார். "அப்ப இத்தினி நாளா நெலக்கால், வழக்கம்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா? வாத்தியாரு வூட்டுப் பொண்ணு வாழாம வந்து ஒக்காந்துட்டான்னு நாளைக்கி ஊரு பேசும். தாங்குவீங்களா?"

"சொவரு கட்டத் தெரியாதவன்னு ஏற்கனவே பேசி முடிச்சிட்டாங்க" என்றார் அப்பா. "இதையும் சேத்துப் பேசட்டும். நீங்க காபி சாப்புடுங்க."

அவர்கள் காபி சாப்பிடவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் போய்விட்டார். அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவசரமில்லாமல். நான் காபியை யார் குடிப்பது என்று யோசித்து, நானே குடித்துவிட்டேன்.

அப்பா புது ரூமில் தனியாக நின்றுகொண்டிருந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடியிருந்தார். வேலை முடிந்த களைப்பு என்று நினைத்தேன். என் தூக்குக்குண்டை எடுத்துப் போய் நாலு மூலையிலும் விட்டுப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"சரியா இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

"அப்ப நீயே மார்க்கு போடு."

நான் வாத்தியார் மகள். மார்க் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கமாட்டேன். அலமாரிக்குப் பக்கத்தில், பூச்சு காய்ந்த இடமாகப் பார்த்து, எழுபது என்று பெரிதாக எழுதினேன். மீதி முப்பது எங்கே என்று கேட்டார்.

"இத்தனூண்டு சொவத்துக்கு இவ்ளோ நாளாப்பா? அதுக்குக் கழிச்சிட்டேன்" என்றேன்.